வேருக்குள் வைத்த சுண்ணாம்பு

பல் வைத்தியத்தில் வலியை நிறுத்துவது சுலபம். வலி நின்றவரை மறுபடி வரவழைப்பதுதான் பெரும்பாடு.

பிறருக்கு எதையாவது விளக்கிச் சொல்வதே பிழைப்பாகிப்போன சக துன்பசாலிகளே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நான் பயிற்சிப் பல் மருத்துவர். பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரை என்ற ஊரில் எங்கள் கல்லூரி நடத்தும் கிளினிக்கில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அங்கே நான் அதிகம் கையாளும் பொருள் கால்சியம் ஹைட்ராக்சைடு. நரம்பு செத்துச் சீழ் பிடித்த பல்லின் வேரைச் சுத்தம் செய்து, உள்ளே இந்த வெள்ளைப் பசையை வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்புவோம். அதன் காரத்தில் கிருமிகள் பிழைக்காது. சில வாரம் கழித்து வந்தால் புதிதாக மாற்றி வைப்போம். வேர்முனை ஆறியபின் நிரந்தரமாக அடைப்போம். 'வந்தால்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும்.

சாயத் தொட்டி

"மருந்து வைக்கிறோம்னு மட்டும் சொல்லு, போதும்" என்பார் எங்கள் சீனியர் டாக்டர். எனக்கு அது ஒப்பாது. தன் வாய்க்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டா இல்லையா? மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடி ஜெயித்தேன்.

ஜெயித்த கையோடு வந்து உட்கார்ந்தவர், பல்லடம் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்பவர். "இது வேற ஒண்ணுமில்லீங்க, நீர்த்த சுண்ணாம்புதான்" என்று தொடங்கி, காரம் கிருமியை எப்படிக் கொல்கிறது, ஈறில் பட்டால் எப்படிப் புண்ணாகும், அதனால் வேருக்குள் மட்டும் எவ்வளவு கவனமாக வைக்கிறோம் என்பதுவரை சொல்லி முடித்தேன். வாயில் பஞ்சோடு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பஞ்சை எடுத்ததும் சொன்னார்:

"ஏனுங்க டாக்டரம்மா, இதையத்தானுங்க நாங்க சாயத்தண்ணித் தொட்டில மூட்டை மூட்டையாக் கொட்டறோம். என்ற வாயி அத்தனை மோசமாவா இருக்குது?"

முன்பல்

முருகேஸ்வரி அக்கா சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். மேல்வரிசை முன்பல் ஒன்று கறுத்து, ஈறில் சீழ்க்கட்டி. எக்ஸ்ரேயில் வேர்முனையைச் சுற்றி எலும்பு கரைந்து, பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்பு. "பிடுங்கிருங்க, ஒரே நாள்ல முடியட்டும்" என்றார்.

முப்பது வயதில் முன்பல்லை விட்டுவிடுவதா? விடவில்லை நான். பசை வைத்தால் சீழ் வற்றும், கரைந்த எலும்பு மறுபடி வளரும், பல் நிற்கும் என்று மன்றாடினேன். அரை மனதாகச் சம்மதித்தார். வேரைச் சுத்தம் செய்து பசையை வைத்தேன். நாலாம் நாள் போன் செய்தேன். வலி போய்விட்டதாம். "மூணு வாரத்துல கண்டிப்பா வரணும்க்கா" என்றேன்.

"வலிச்சா லீவு கேக்கலாம் டாக்டரு. வலிக்காத பல்லுக்கு எவன் லீவு குடுப்பான்?"

கடித்தது எது

ஆனாலும் வந்தார். பல்தான் திறந்து கிடந்தது. மேலே வைத்த அடைப்பைக் காணோம், உள்ளே வைத்த பசையும் கரைந்து போயிருந்தது, சீழ்க்கட்டி மறுபடி எட்டிப் பார்த்தது. "இன்னொரு தடவை இப்படி ஆனா எடுத்துடறதுதான்" என்று சீனியர் சொல்லிவிட்டுப் போனார்.

முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். விசாரணையில் இறங்கினேன். முறுக்கு? இல்லை. கடலை மிட்டாய்? இல்லை. கரும்பு? அதுவும் இல்லை. இட்லியும் ரசஞ்சோறும்தானாம். அப்புறம்தான் பல்லின் ஓரத்தைப் பார்த்தேன். நூல் ஒன்று சரியாகப் போய் உட்காரும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். தைத்து முடித்த நூல் முனையை வெடுக்கென்று கடித்து எடுப்பது அந்தப் பல்லால்தான். "கடிக்காதீங்கன்னு சொன்னேனேக்கா!" என்று கத்தியே விட்டேன். அவருக்கு என்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

"அது வேலைதான டாக்டரு. நூலை நான் எங்க திங்கேன்?"

வாயும் ட்ரிம்மரும்

பசையைப் புதிதாக வைத்து அனுப்பினேன். கோபம் ஆறவில்லை. அடுத்த வாரமே அதே கம்பெனியின் லைன் சூப்பர்வைசர் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆளோடு வாதாடுவது நியாயமில்லைதான். ஆனால் வசதி.

யார் பெயரும் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். நூல் வெட்ட டெய்லர்களுக்கு ட்ரிம்மர் கொடுப்பதில்லையா? அவசரப்படுத்தினால் அவர்கள் பல்லைத்தானே பயன்படுத்துவார்கள்? ஷிப்மெண்ட் முக்கியமா, பல் முக்கியமா? அவர் பொறுமையாக வாய் கொப்பளித்துத் துப்பினார். பிறகு சொன்னார்:

"ட்ரிம்மரத் தொலைச்சுப் போடுவாங்கன்னு மெசின்லயே கவுறு போட்டுக் கட்டி வெச்சிருக்கறமுங்க. வாயையுமா கட்டி வெக்க முடியும்?"

எலும்பு

வாயையும் கட்ட முடிந்தது. பஞ்சுத் தூசுக்காகக் கம்பெனியில் கொடுக்கும் மாஸ்க்கை எல்லோரும் தாடைக்குக் கீழே தொங்கவிட்டிருக்க, முருகேஸ்வரி அக்கா மட்டும் மூக்குவரை ஏற்றிக்கொண்டு, டீ நேரம் தவிர இறக்கவே இல்லையாம். கை பழக்கத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோகும்; துணி தடுக்கும்; கை ட்ரிம்மருக்குத் திரும்பும். அடைப்பு அசையாமல் இருந்தது. அடுத்த சில மாதங்களில் இரண்டு முறை பசையை மாற்றினேன். சீழ்க்கட்டி சுருங்கி மறைந்தது.

கடைசி நாள் உள்ளேயிருந்த பசை முழுவதையும் கழுவி வெளியேற்றி, வேரை நிரந்தரமாக அடைத்தேன். பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு. பல் தப்பித்தது. பசை கிருமியைக் கொன்று வழிவிட்டதையும், உடம்பு தானே எலும்பை வளர்த்துக்கொண்டதையும் ஒன்று விடாமல் விளக்கினேன். இரண்டு படத்தையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"சுண்ணாம்பு கிருமியக் கொன்னுச்சு, எலும்பு தன்னால வளந்துச்சு. அப்ப நீங்க என்ன செஞ்சிய?"

பல் வைத்தியருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுக்கும் கடைசியில் ஒரே மரியாதைதான்: வேலை முடிந்ததும் கழுவி ஊற்றிவிடுவார்கள்.