நான் நம்பாத இழுப்பு

எங்கள் பேக்கரி உரிமையாளர் சங்க மலருக்கு, 'உங்கள் கடையின் சிறந்த தொழிலாளியைப் பற்றி எழுதித் தாருங்கள்' என்று கேட்டிருந்தார்கள். மற்ற முதலாளிகள் படித்த ஆளாகப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்வார்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் நானே எழுதுகிறேன். பதின்மூன்று வயதில் அடுத்தவன் கடையில் தட்டு கழுவிய கை இது. இன்றைக்கு மூன்று அடுப்பும் இருபத்திரண்டு ஆட்களும் என் பேச்சுக்கு நடக்கிறார்கள். இவ்வளவு செய்த கைக்குப் பேனாவா பெரிய பாரம்?

நான் எழுதப்போவது தராசைப் பற்றி. தராசு என்றால் எடை போடும் தராசு இல்லை. எங்கள் மாவு மேசையில் உருண்டை பிடிக்கிற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது.

பத்தொன்பது வயதில் தட்டு கழுவ வந்தாள். கணவர் லாரி டிரைவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒருநாள் உருண்டை பிடிக்கிறவர் வரவில்லை. "நான் பிடிக்கவாய்யா?" என்று இவள் கேட்டாள். பன்னுக்கு அறுபது கிராம் கணக்கு. ஒவ்வொரு உருண்டையாக வாங்கி எடை போட்டேன். அறுபது, அறுபது, அறுபது. ஆறாவது உருண்டை அறுபத்திரண்டு காட்டியது.

"பாத்தியா, கை தப்பிருச்சு" என்றேன்.

"கை தப்பலைய்யா. தட்டைப் பாருங்க, முந்தி வச்ச உருண்டையோட மாவு ஒட்டியிருக்கு."

சுரண்டி எடுத்துவிட்டு வைத்தேன். அறுபது. அன்றைக்கே தட்டு கழுவும் இடத்திலிருந்து அவளை மாவு மேசைக்கு மாற்றிவிட்டேன். பதினோரு வருடமாக அங்கேதான் நிற்கிறாள். மாவு புளித்துவிட்டதா, தண்ணீர் கூடிவிட்டதா என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்வாள். ஆளைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச இந்தத் தொழிலில் ஒருவரும் கிடையாது என்று அப்போதெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே லேசாக இழுப்பு உண்டு. மூன்று வருடத்துக்கு முன் அது அதிகமானது. மாவுத் தூசிதான் காரணம் என்று எனக்கு உடனே பிடிபட்டது. ஏனென்றால் என் மனைவியின் இழுப்பைக் குணமாக்கியவனே நான். எங்கள் வீட்டுச் சமையலறையில் புகை போக ஒரு கூண்டு கட்டினேன். சில மாதங்களில் இருபது வருட இழுப்பு ஓடிப்போனது. டாக்டர்களால் முடியாததை நாலு செங்கல்லும் ஒரு தகரமும் செய்தன. இந்தச் சங்கத்தில் அந்தக் கதையை என் வாயால் கேட்காதவர் இருக்க முடியாது.

பேக்கரியிலும் அதையே செய்தேன். மாவு சலிக்கிற இடத்தைத் தனி அறையாகத் தடுத்தேன். தூசி இழுக்கிற பெரிய ஃபேன் இரண்டு, எல்லோருக்கும் முகக்கவசம். ஆட்களின் இருமல் நின்றது. தராசுக்கும் குறைந்தது. அவளிடம் இரண்டு இன்ஹேலர் இருந்தன. ஒன்று தினமும் காலையும் மாலையும் இழுப்பது. இன்னொன்று முட்டும்போது அவசரத்துக்கு.

"இனிமே எதுக்கும்மா தினம் தினம் அந்தக் கருமம்? தூசியையே ஒழிச்சுட்டேனே" என்றேன்.

என் பேச்சைக் கேட்டுத் தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்த லீவு விஷயம் தொடங்கியது. மாதம் முழுக்கக் குதிரை மாதிரி வேலை செய்வாள். திடீரென ஒருநாள் காலை போன் வரும். "இழுக்குதுய்யா, இன்னைக்கு முடியல." மூன்று நாள் கழித்து ஒன்றுமே நடக்காதது போல வந்து நிற்பாள். நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு தடவையும் லீவு தொடங்குகிற நாளைச் சுவர்க் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால், ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவில் இருபத்தேழு நாள், இருபத்தெட்டு நாள், மிஞ்சினால் இருபத்தொன்பது.

தூசி முப்பது நாளும் இருக்கிறது. இழுப்பு மட்டும் எண்ணி மூன்று நாள் வருமா? அடுப்புக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாருய்யா, இவளுக்கு மட்டும் நோய் காலண்டர் பாத்து வருது."

அவர் சிரித்தார். "வேற எங்கயாவது மூணு நாள் வேலைக்குப் போவுதோ என்னவோ, முதலாளி."

அந்தப் பேச்சு என் மனதில் ஊறிவிட்டது. மாவுப் பகுதிக்கே அவளைத் தலைவியாக்க நினைத்திருந்தேன். அதை நிறுத்தி வைத்தேன். ஆறு மாதத் தாள்களையும் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவது என்று முடிவு.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு நாலாயிரம் பன் ஆர்டர் வந்தது. முதல் நாள் மத்தியானம் தராசு அடுப்பருகே வந்து நின்றாள்.

"நாளைக்கு மட்டும் லீவு வேணும்ய்யா."

"எதுக்கு?"

"நாளைக்கு இழுக்கும்."

"நாளைக்கு இழுக்கும்னு இன்னைக்கே எப்படித் தெரியும்? நோய் உனக்குத் தந்தி அடிச்சுச்சா?"

அடுப்படியில் நின்ற நாலு ஆண்களும் சிரித்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். "தெரியும்ய்யா" என்று மட்டும் சொன்னாள்.

"நாளைக்கு வரலைன்னா, அதுக்கு மறுநாளும் வர வேண்டாம்."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எனக்கு முன்பே வந்து நின்றாள். என் மிரட்டல் வேலை செய்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமிதம். பத்து மணிக்கு அவள் மேசையைக் கடக்கும்போது சும்மா ஒரு உருண்டையை எடுத்து வைத்தேன். ஐம்பத்தேழு. தட்டைச் சுரண்டினேன். மறுபடி ஐம்பத்தேழு. அடுத்த உருண்டை அறுபத்தாறு.

பதினோரு வருடத்தில் அந்தக் கை தப்பி நான் பார்த்ததில்லை. திட்டத்தான் திரும்பினேன். அவள் முகக்கவசம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. உதடு சாம்பல் நிறம். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவசர இன்ஹேலர் மாவுக்குள் கிடந்தது. எத்தனை தடவை அடித்தாளோ, அதற்கு இழுப்பு அடங்கவில்லை.

அடுப்புக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பன் ஏற்றுகிற வேனில் போனோம். காற்றே இல்லாத தொண்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லாக அவள் பிய்த்துப் போட்டாள். "பொண்ணு... ஸ்கூல்... நாலு மணி." அவளுடைய எட்டு வயது மகளை யார் கூட்டி வருவது என்பதுதான் அந்த நேரத்துக் கவலை. அடுப்புக்காரர் போய்க் கூட்டி வருவார் என்று சொன்னேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மருந்தைப் புகையாக்கி முகத்தில் மாட்டினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உதட்டில் நிறம் வந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். அவரிடமும் நான் ஃபேன் கதையைத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே கேட்டார்.

"இது எப்பெப்ப வருது?"

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பையிலிருந்து ஆறு தாளையும் எடுத்துக் கட்டிலில் விரித்தேன். "நீங்களே பாருங்க டாக்டர். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தடவை. இப்படி வர்ற நோய் உண்டா?"

டாக்டர் தாள்களைப் பார்த்தார். பிறகு தராசிடம் குனிந்து, "உனக்கு பீரியட்ஸ் எப்பம்மா வரும்?" என்று கேட்டார். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. கையை நீட்டி, முதல் தாளில் என் சிவப்பு வட்டத்துக்கு அடுத்த நாளைத் தொட்டாள். அடுத்த தாளிலும் வட்டத்துக்கு அடுத்த நாள். மூன்றாவதிலும். ஆறாவது தாள் வரை அப்படியே தொட்டாள்.

"பொம்பளைங்க உடம்புல சில ஹார்மோன் மாசம் பூரா ஏறும், இறங்கும்" என்றார் டாக்டர். "பீரியட்ஸுக்கு முன்னாடி அது சட்டுனு இறங்கும். ஆஸ்துமா இருக்கறவங்கள்ல சில பேருக்கு அந்த நாலஞ்சு நாள் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிக்கும். எல்லாருக்கும் வராது. எதனாலன்னு இன்னும் முழுசாத் தெரியல. ஆனா நிஜமா வருது. தூசி அதுக்கு மேல ஒரு குத்து. நீங்க எழுதி வச்ச மாதிரி யாராவது தேதி குறிச்சு வந்தா எங்களுக்கு ரொம்ப உதவி."

நான் உதவிக்குக் குறிக்கவில்லை. தாள்களைத் திரும்பவும் மடித்தேன்.

"தினமும் இழுக்கற மருந்தை ஏன்மா நிறுத்துன?"

தராசு என்னைப் பார்த்தாள்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றேன்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. பேக்கரி."

"அந்த மருந்துதான் குழாயை வீங்க விடாமப் பாத்துக்கறது. இன்னும் அரை மணி நேரம் கழிச்சு வந்திருந்தா, நான் உங்ககிட்ட வேற விஷயம் பேசிட்டிருப்பேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். இப்படி ஒரு நோய் உண்டு என்று தெரிந்தால் அவள் ஆடிப்போவாள் என்று நினைத்தேன். அவள் ஆடவில்லை.

"எனக்கும் அப்படித்தானே இருந்துச்சு" என்றாள்.

"உனக்கு அடுப்புப் புகைதானே? நான் கூண்டு கட்டினதும் போயிருச்சே."

"கூண்டு கட்டுன வருஷம்தாங்க எனக்கு நின்னுச்சு."

"என்ன நின்னுச்சு?"

"அதுதான். மாசா மாசம் வர்றது. அதோட இழுப்பும் போச்சு."

மாதவிடாய் நின்றதும் சிலருக்கு இழுப்பு இப்படிப் போகும், சிலருக்குக் கூடவும் செய்யும், யாருக்கு எப்படி என்று சொல்ல முடியாது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆனால் இருபது வருடம் என் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு இழுத்தது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது.

"ஏன் நீ சொல்லவே இல்ல?"

"நீங்கதான் ஊரு பூரா கூண்டுக் கதை சொல்லிட்டிருந்தீங்களே. நடுவுல பூந்து நான் என்னத்தச் சொல்ல?" ஒரு சட்டையை உதறி மடித்தாள். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்ல வந்தேன். வேலைக்கு டிமிக்கின்னீங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தராசு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிய்யா சொல்றது? நாலு ஆம்பளைங்க நிக்கற அடுப்படியில வச்சுக் கேக்குறீங்க." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "நாளைக்கு இழுக்கும்னு தெரியும். எதனாலன்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு சிரிப்பாங்களோன்னு டாக்டர்கிட்டயும் சொல்லல."

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன். அன்றைக்குக் கேட்டேன். "சரி விடுங்கய்யா, பன்னு நாலாயிரமும் போயிருச்சா?" என்றாள். போய்விட்டது, ஆனால் எடை கன்னாபின்னா என்றேன். அவளுக்கு அதுதான் வருத்தம்.

இப்போது அவள்தான் மாவுப் பகுதித் தலைவி. தினசரி மருந்தை விடுவதில்லை. காலையில் வந்ததும் டாக்டர் கொடுத்த ஒரு குழாயில் ஊதுகிறாள். மூச்சின் வேகத்தை அது எண்ணில் காட்டுகிறது. எண் இறங்கினால் என்ன மருந்து, எப்போது ஆஸ்பத்திரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் நகல் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் இருக்கிறது. மாதத்தின் அந்த நாட்களில் மாவுப் பக்கமே போகாமல் பேக்கிங் மேசையில் உட்காருவாள். முடியாவிட்டால் வீட்டில் இருப்பாள். என் பேக்கரியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். கூண்டுக் கதையை மட்டும் விட்டுவிட்டேன். ஐம்பத்தேழு என்ற எண் அந்த மேசையில் நான் கண்ட சாவு. இன்றும் தராசு முள் ஐம்பத்தேழில் நின்றால் முதலில் அவள் உதட்டைத் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் அடுப்படியில் அதே நாலு பேரும் நின்றிருந்தார்கள். தராசு வந்தாள்.

"நாளைக்கு நான் பேக்கிங் மேசைய்யா."

அடுப்புக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றேன்.