பாலத்தடியில் கட்டிய வலை

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப் பதினெட்டு. காலை ஆறு மணி பத்து நிமிடம். மேகமூட்டம், லேசான மேல்காற்று, மழை இல்லை. எங்கள் வாய்க்காலின் சின்னப் பாலத்தடியில் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு பழைய மீன்வலையின் எட்டாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுபத்து மூன்று வயதில் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று என் மனைவி முதல் நாள் இரண்டு முறையும் அன்று காலை ஒரு முறையும் சொல்லியிருந்தாள்.

வலைக்குக் காரணம் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா. நாகூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து புதனும் ஞாயிறும் பஸ்ஸில் வருவார். போன வருஷம் ஆடி கழிந்து ஒரு புதன்கிழமை, கூடையைத் திறந்ததும் மீனை எடுக்காமல் ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து எங்கள் வாசல் படியில் வைத்தார். உள்ளே காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, இரண்டு சின்ன வளையல், ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு. ஓரங்களை ஒட்டியிருந்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. எங்கள் கடைத்தெருக் கடையின் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

"உங்க ஊரு ஆத்தாளுக்குக் குடுத்தது எங்க வீட்டுக்காரரு வலைக்கு வந்துருக்குய்யா. இனிமே மீனுக்குப் பதிலா இதையே கிலோ கணக்குல வாங்கிக்கிறீங்களா?" என்றார்.

என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குக் கொடுப்பதை எங்கள் ஊரில் பிரித்துத் தொடமாட்டார்கள். தொட்டால் அது கைபட்ட பொருள். ஒரு காலத்தில் வெற்றிலையில் வைத்து ஆற்றில் விட்டார்கள். பிறகு கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் போட்டு செட்டு என்று விற்க ஆரம்பித்தார்கள். பிரிக்கக்கூடாது என்பது அந்த உறைக்கும் சேர்ந்துகொண்டது. பிரிக்காமல் விட்டால்தான் முழுசாகப் போய்ச் சேரும் என்று எல்லோரும் நம்பினோம். எங்கள் வீட்டிலிருந்தே ஒன்பது ஆடிக்கு ஒன்பது பொட்டலம் போயிருக்கிறது. எங்கள் வாய்க்கால் வெட்டாற்றில் விழுகிறது, வெட்டாறு நாகூர் பக்கம் கடலில் விழுகிறது. முழுசாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்றிலிருந்து மீனுக்குப் பிளாஸ்டிக் பை வாங்குவதை விட்டோம். மனைவி தூக்குவாளியோடு வாசலுக்குப் போவாள். எனக்கு அது போதவில்லை. இந்த வருஷம் ஆடி பிறந்ததும், எல்லாம் கடலுக்குப் போகும் முன் பாலத்தடியில் மறிக்கலாம் என்று அந்த அம்மாவிடம் ஒரு கிழிந்த வலை கேட்டேன். கொடுத்தார். கொடுக்கும்போது, "வலையக் கட்டுனா பக்கத்துலயே இருக்கணும்யா" என்று மட்டும் சொன்னார்.

பாலத்துக்குச் சற்று மேலே, இடது கரையில், தாழ்வான இடத்தில் ஒரு நாற்றங்கால் இருந்தது. அதை வைத்திருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு ஏக்கர் குத்தகை. கணவன் சிங்கப்பூரில். பெண்பிள்ளை தனியாக என்ன செய்ய முடியும், நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று அவன் சொல்ல, இந்த ஒரு சம்பா மட்டும் பார்க்கிறேன் என்று இவள் கேட்டு வாங்கியிருந்தாள். முளைகட்டிய விதையை வெள்ளிக்கிழமைதான் தெளித்திருந்தாள். இரண்டு நாள் விதை, இன்னும் மண்ணைப் பிடிக்கவில்லை.

அவளிடம் முன்கூட்டியே சொன்னேன். "தண்ணி ஏறாதுல்ல சார்?" என்று கேட்டாள். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் இருந்ததால் ஊரில் எல்லோருக்கும் நான் சார். வலைக்கண் ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம், தண்ணீர் தாராளமாகப் போகும், சாயந்திரம் வரை நான் அங்கேயேதான் இருப்பேன் என்று சொன்னேன்.

எட்டு மணிக்குப் பெண்கள் படித்துறைக்கு வரத் தொடங்கினார்கள். மஞ்சள் பிள்ளையார் வைத்துக் காப்பரிசி படைத்தார்கள், கயிறு மாற்றிக்கொண்டார்கள், பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டார்கள். அது இருபது அடி மிதந்து வந்து என் வலையில் தங்கும். நான் மூங்கில் துரட்டியால் இழுத்துச் சாக்கில் போடுவேன். கூடவே கற்பூர உறை, ஷாம்பு பாக்கெட், தண்ணீர் பாட்டில். பன்னிரண்டரை மணிக்குச் சாக்கு நிறைந்துவிட்டது.

அங்கேயே வேறு சாக்கு எடுத்திருக்கலாம். பக்கத்து வீட்டிலேயே இருந்தது. ஆனால் காலையில் பிடித்ததும் மாலையில் பிடிப்பதும் கலந்துவிட்டால் கணக்கு தப்பிப்போகும் என்று தோன்றியது. வலையை ஒரு முறை பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கொல்லைக் குழாயடியில் கொட்டி, அலசி, வகை பிரித்து எண்ண ஆரம்பித்தேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பிறகு என்றேன். "எண்ணி யாருக்குத் தந்தி அடிக்கப் போறீங்க?" என்றாள். இருநூற்று அறுபதில் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு பொட்டலத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டேனோ என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டில் இருக்கும்போது செல்போன் அடித்தது, நாற்றங்கால் பெண். மணி இரண்டு ஐம்பது.

"சார், வலை அடைச்சிக்கிச்சு. நாத்தங்கால் முழுகிடுச்சு."

எண்ணிக்கொண்டிருந்தேன், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்தடியில் ஒரு சுவரே நின்றது. ஆகாயத்தாமரை மூன்று திட்டு, ஒரு வாழைமட்டை, மாலைகள், அவற்றின் இடுக்கெல்லாம் பொட்டலங்கள். பண்டிகைக்கென்று தண்ணீரையும் அன்று கூட்டி விட்டிருந்தார்கள். கரை வழிந்து நாற்றங்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று, கதிர் அரிவாளால் என் முடிச்சுகளை அறுத்துக்கொண்டிருந்தாள். ஐந்து அறுந்திருந்தது. நான் இறங்குவதற்குள் மீதி மூன்றும் அறுந்தன. அந்தச் சுவர் அப்படியே ஒரு முறை புரண்டு பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போனது. மதியத்திலிருந்து சேர்ந்த அத்தனையும் ஒரே மூட்டையாகக் கடலைப் பார்க்கப் போயின.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தோம். விதையெல்லாம் நுரையோடு நுரையாக வடகிழக்கு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் சேறு.

அவள் திட்டவில்லை. அரிவாளை வாய்க்காலில் கழுவிக்கொண்டே, "எண்ணி முடிச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை விதையும் உழவுக்கூலியும் தருகிறேன் என்று போனேன். அவ்வளவுக்கு மட்டும் சம்மதித்தாள். தெளிக்கிற கூலி, வரப்பு வெட்டின கூலி என்று நான் அடுக்கியதை வேண்டாம் என்றாள். "காசு போதும் சார். விதைச்சதும் மூணு நாளைக்குக் குருவி ஓட்டுங்க. எனக்கு ஆள் இல்ல. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திரிக்கக் கூடாது, வீட்டுலேர்ந்து கொண்டாரச் சொல்லுங்க."

அன்றே விதை ஊறப்போட்டு, முளைகட்டி, புதன்கிழமை தெளித்தாள். நான் ஒரு அலுமினியத் தட்டும் கரண்டியுமாக வரப்பில் உட்கார்ந்தேன். மீன்கார அம்மா எங்கள் வீட்டில் விவரம் கேட்டுக்கொண்டு, கூடையோடு வரப்புக்கே வந்துவிட்டார். வலையை விட்டுவிட்டு வந்ததைச் சொன்னேன். கூடையை வரப்பில் இறக்கி வைத்தார். "தண்ணில விழுந்ததப் பிடிக்கிறது எங்க பொழப்புய்யா, அத விட்டுருங்க. நீங்க அது விழறதுக்கு முன்னாடி பிடிங்க" என்றார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் அதைச் சொன்னேன். அடுத்த ஆடிக்குப் படித்துறையின் இரண்டு பக்கமும் கூடை வைத்து, உறையைப் பிரித்துக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை வெற்றிலையில் வைக்கச் சொல்லலாம் என்றேன். ஒரு கிழவர் சொன்னால் பெண்கள் யார் பிரிப்பார்கள் என்றாள். பிறகு, "முதல் பொட்டலத்த நான் பிரிக்கிறேன்" என்றாள். கண்ணாடியும் சீப்பும் தண்ணீருக்கு எதற்கு, அதை யாராவது சின்னப் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்பதும் அவள் சொன்னதுதான். கடைக்காரரிடம் காகிதத்தில் கட்டித் தரக் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அந்த மூன்று நாளும் மிச்சப் பொட்டலங்கள் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தன. குருவி இல்லாதபோது துரட்டியால் இழுத்துக் கரையில் போட்டேன். பதினேழு வரை எண்ணினேன். அப்போது வடக்கு மூலையில் குருவிக் கூட்டம் இறங்கிவிட்டது. தட்டை அடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

நாற்று ஒரே சீராக வந்தது. செப்டம்பரில் நட்டாள். நட்ட வயலைச் செல்போனில் சிங்கப்பூருக்குக் காட்டிக்கொண்டே வரப்பில் நடந்ததை நான் பாலத்திலிருந்து பார்த்தேன். குத்தகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

விதை முப்பது கிலோ, நாற்றங்கால் உழவு, அடுத்த ஆடிக்கு இப்போதே வாங்கி வைத்த மூங்கில் கூடை இரண்டு. மொத்தம் இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.