கண்ணாடிக்குள் ஒரு கேம் பெட்டி

களுவாஞ்சிக்குடியில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்காரர் நான் கொண்டுபோன பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில படம் எங்க?" என்று கேட்டார்.

பைக்குள் ஒரு சாம்பல் நிறக் கையடக்க கேம் பெட்டி, அதற்குள் போடும் கசற் ஒன்று, மடிப்பு விட்டுப்போன ஒரு சின்னப் புத்தகம், இவ்வளவும் இருந்தன. கூடவே அந்தப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கும் என் தங்கச்சியின் படம். அதை எடுத்துக் காட்டினேன்.

"எத்தின வயசு?"

"பத்து."

அவர் உச்சுக்கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க யோசிக்காதீங்க, வடிவாச் செஞ்சி தாறன்" என்றார். யோசிப்பது என் பிறவிக்குணம். என்றாலும் அவர் ஏன் உச்சுக்கொட்டினார் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அந்தப் பெட்டி எங்களிடம் வந்தது கடல் ஊருக்குள் வந்ததற்குப் பிறகு. பெரியகல்லாற்றில் வீடு போய், ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்த உடுப்புப் பொதியில் எங்கள் பங்குக்கு ஒரு கம்பளிக் கோட்டு விழுந்தது. எங்கள் வெயிலுக்கு அதை யார் போடுவது? ஆனால் அதன் பைக்குள் இது கிடந்தது. தெரிந்து வைத்து அனுப்பினார்களா, எடுக்க மறந்து அனுப்பினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் அந்த வருசம் எட்டாம் வகுப்போடு நின்று, வாவியில் வலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தால் தங்கச்சியின் பின்னால் குந்தியிருந்து அவள் விளையாடுவதைப் பார்ப்பேன். பெட்டியைப் போட்டதும் இரண்டு வரி எழுத்து வரும். அம்புக்குறி மேல்வரியில் நிற்கும். அவள் அதைக் கீழே இறக்கி அமத்துவாள். ஒரு சின்ன உருவம் கட்டிலிலிருந்து எழும்பும். வாசலைத் தாண்டும், காட்டைத் தாண்டும், ஒரு ஊர், இன்னொரு ஊர். மூன்றாவது ஊருக்குப் போகிற பாலம் வரும்போது பற்றரி முடிந்துவிடும். பற்றரி மறுபடி கிடைக்கும் நாளில் திரும்பவும் கட்டிலிலிருந்துதான். விளையாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் எனக்கு அதில் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைக் காட்டித் தந்தாள். நாலு எழுத்து. "இத மட்டும் அமத்தப்படாது அண்ணே." எந்த வயரில் கரண்ட் ஓடுகிறது என்று பழகுவதுபோல அந்தச் சொல்லைப் பழகினேன்.

அவள் படித்து, கலியாணம் கட்டி லண்டனுக்குப் போய்விட்டாள். பெட்டி என்னிடம் தங்கியது. உப்புக்காற்று தகரத்தையே தின்கிற இடம் இது. அரிசிக்குள் வைத்தேன், பொலித்தீனில் சுற்றினேன், மாதம் ஒருமுறை வெயில் காட்டினேன். புது வீட்டின் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்ததும், இனி இதைக் காற்றுப் புகாமல் அடைத்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டுவதுதான் சரி என்று முடிவெடுத்தேன். மாட்டிய பிறகு தங்கச்சிக்குக் காட்டி அவளைத் திகைக்க வைக்கும் எண்ணமும் இருந்தது.

கடைக்காரர் வடிவாகத்தான் செய்திருந்தார். கறுப்புத் துணியில் பெட்டியும் கசற்றும் புத்தகமும் ஒட்டி, நடுவில் தங்கச்சியின் படம். மேலே இரண்டு மூலையிலும் பித்தளைக் கொளுக்கி. கீழே வயர் போக ஒரு ஓட்டை. எனக்கு அவையெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஆணி தாங்குமா, கண்ணாடி விழுந்தால் பிள்ளைகளின் காலில் குத்துமா, பின்பலகையில் கறையான் ஏறுமா என்பதிலேயே என் கவனம் இருந்தது. ஒன்றுக்கு மூன்று ஆணி அடித்தேன்.

இரண்டாம் நாள் அயல்வீட்டு மாமி தேங்காய் துருவி வாங்க வந்தவர், சுவரைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. துருவியும் வாங்காமல் திரும்பிப் போனார். நான் வலையோடு வெளிக்கிட்டுப் போன நேரம் பார்த்து, நந்தியாவட்டைப் பூவைச் சரமாகக் கட்டிக் கொண்டுவந்து இரண்டு கொளுக்கியிலும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். என் மனைவி சமையலுக்குள் நின்றதால் அதைக் காணவில்லை; பின்வாசலால் வீட்டுக்குள் வந்த நானும் காணவில்லை.

பின்னேரம் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, நான் எப்ப செத்தன்?"

"என்ன புள்ள கதைக்கிறாய்?"

"எண்ட மாமியாருக்கு ஊரில இருந்து போன் கோல் வந்திரிக்கு. என்னை மாலை போட்டுத் தொங்க விட்டிரிக்கீங்களாம். நான் இஞ்ச சோறு வடிச்சிக்கொண்டு நிக்கிறன்."

ஓடிப்போய்ச் சரத்தைக் கழற்றினேன். அப்போதுதான் கொளுக்கி, ஓட்டை, கடைக்காரரின் உச்சுக்கொட்டல் எல்லாம் சேர்ந்து விளங்கின. அந்த ஓட்டை, செத்தவர்களின் படத்துக்குக் கீழே எரியும் சிவப்புப் பல்புக்கானது.

"காட்டுங்க பாப்பம்" என்றாள். போனைச் சுவருக்குத் திருப்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"கசற்றையும் ஒட்டிட்டாங்களா?"

"ஓம். ஏன்?"

"அதுக்குள்ள காசு மாதிரி ஒரு பற்றரி இரிக்கு அண்ணே. எங்கயோ வாசிச்சன். அது முடிஞ்சா உள்ளுக்கு வச்சதெல்லாம் அழிஞ்சிரும். இருவது வருசமாகுது."

"உண்ட விளையாட்டு அழிஞ்சிருமா?"

"எண்டதில்ல. அந்தப் புள்ளைட."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கசற்றில் ஒரேயொரு விளையாட்டைத்தான் சேமித்து வைக்கலாம். கோட்டுக்குச் சொந்தமான பிள்ளை தன்னுடையதை வைத்திருந்தது. மேல்வரி அந்தப் பிள்ளையுடையது, கீழ்வரி புதிதாகத் தொடங்க; சேமித்தது அழிந்தால் மேல்வரி வராது. அமத்தப்படாது என்ற அந்த நாலெழுத்து 'சேமி' என்பது; தங்கச்சி அதை அமத்தித் தன்னுடையதைச் சேமித்தால் அது அழியும்.

"மறந்து போட்ட சாமான் அண்ணே. ஒருநாள் கேட்டு வந்தா என்னெண்டு சொல்றது? மேல்வரிய நான் தொட்டதேயில்ல."

பத்து வயதில் இப்படி ஒரு யோசனை. யோசிக்கிற வியாதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் சட்டத்தைப் பிரித்து, பசையைச் சுரண்டி, பெட்டியையும் கசற்றையும் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். அங்கே போன் திருத்தும் கடை வைத்திருக்கும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடி அண்ணர் கசற்றைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பெட்டியில் போட்டு அமத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு வரி வருது தம்பி."

கண்ணைத் திறந்தேன். இரண்டு வரிதான்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கசற்றுக்குள் இருக்கும் பற்றரியை மாற்ற வேண்டுமாம். அந்த நேரம் கசற்றுக்குப் பெட்டி கரண்ட் கொடுக்கும், உள்ளே இருப்பது அழியாது. கசற்றின் மேல்கோதைக் கழற்றி, உள்ளே இருந்த பச்சைத் தகட்டை மட்டும் பெட்டியில் சொருகி ஓடவிட்டார்.

"காக்கா, கரண்ட் போனா?"

"இது பற்றரில ஓடுது."

"கை தட்டுப்பட்டா?"

"தம்பி, நீங்க அங்கால போய் ஒரு டீ குடிச்சிற்று வாங்க."

நான் போகவில்லை. ஈயம் உருக்கும் கம்பியைச் சூடாக்குவார், ப்ளக்கைக் கழற்றுவார், பிறகுதான் தகட்டில் வைப்பார். ஒவ்வொரு தடவையும் அப்படியே. ஏனென்று கேட்டேன். கம்பியில் மிச்சக் கரண்ட் இருந்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்றார். என்னைவிடப் பயந்த ஒரு மனிதர் செய்கிற வேலை என்று கண்டதும் எனக்கு ஆறுதல் வந்தது.

முடிந்ததும் பெட்டியை நிறுத்தி, கசற்றைப் பூட்டி, மேசையில் வைத்துவிட்டு ஒரு வாடிக்கையாளரின் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் போனைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பெட்டியைப் போட்டார்.

இரண்டு வரி.

தங்கச்சிக்கு வீடியோவில் காட்டினேன். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "மேல்வரிய அமத்துங்க அண்ணே. பாத்தா அழியாது, அந்த நாலெழுத்த மட்டும் தொடாதீங்க" என்றாள்.

அமத்தினேன். நானும் அவளும் இத்தனை வருசம் பார்க்காத இடம். காக்காவும் எட்டிப் பார்த்தார்.

அதே அறை. அதே கட்டில். அந்தச் சின்ன உருவம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. வாசலைக்கூடத் தாண்டவில்லை. விளையாடிய நேரம் நாலு நிமிசம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பெயர். எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

"இதுக்கா நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலம் வரைக்கும் நடந்தன்?" என்றாள் தங்கச்சி.

"இப்ப உண்டத வைப்பமா? பாலத்தடிக்கு நான் கொண்டு போய்த் தாறன்."

யோசித்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. "வேணாம். நாலு நிமிசமெண்டாலும் அந்தப் புள்ளைடதானே" என்றாள்.

சட்டம் போட்ட கடைக்காரரிடம் திரும்பப் போனேன். தங்கச்சியின் படத்தை எடுத்துவிட்டு, கண்ணாடிக்குப் பிணைச்சல் வைத்துத் திறக்கிற மாதிரிச் செய்து தரச் சொன்னேன். ஆள் உயிரோடு இருக்கிறாள் என்றதும் அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. கொளுக்கிகளைத் தன் கையாலேயே கழற்றினார். ஓட்டையை அடைக்க முடியாது என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை திறந்து, இரண்டு வரி வருகிறதா என்று பார்க்கிறேன். சில நாள் கீழ்வரியை அமத்தி நானும் நடக்கிறேன். இன்னும் இரண்டாவது ஊரைத் தாண்டவில்லை. போன கிழமை மாமி துருவி கொண்டுபோக வந்தார். தங்கச்சியோடு வீடியோவில் கதைக்க வைத்த நாளிலிருந்து அவருக்கு அந்தச் சுவரைப் பார்க்க வெட்கம்.

"மறுகா எதுக்கு மனே அதுக்குக் கதவு?" என்று கேட்டார்.

"உரியவங்க வந்து கேட்டா எடுத்துக் குடுக்க வேணுமே மாமி" என்றேன்.

மாமி, யாரோ கேட்டு வந்து நிற்பதுபோல வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் துருவியை எடுத்துக்கொண்டு போனார்.