அப்பாவுக்கு நான் கொடுத்த ஞானஸ்நானம்

என் அப்பாவுக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு நாற்பத்து நான்கு. கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார் என்பதால் நான் அவரிடம் கேட்கவில்லை. இதில் குற்றம் யாருடையது என்று இன்றைக்குக் கேட்டாலும் மாமாவைத்தான் காட்டுவேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் இருந்தோம். அப்பாவின் பாட்டனார் காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமாரிடம் படிக்கப்போய் வேதத்துக்கு வந்த குடும்பம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாம் மாதத்தில் கோயிலில் வைத்து நெற்றியில் மூன்று துளி தண்ணீர் தெளிப்பார்கள். அந்த அலுவல் அத்தோடு முடிந்துவிடும். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் வரிசையின் கடைசியில் நின்று தடித்த குரலில் பாடினார். மோட்சத்தைப் பற்றி அவர் வீட்டில் கதைத்து நான் கேட்டதேயில்லை. பென்சனைப் போல, அதுவும் நேரம் வரும்போது வரும் என்று இருந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சுருட்டு, கடதாசி விளையாட்டு, பின்னேர நித்திரை, இந்த மூன்றிலும் கெட்டிக்காரர். யாரோ கூப்பிட்டு ஒரு ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கியவர், இரண்டு மாதத்தில் மறுபடியும் பிறந்துவிட்டார். சுருட்டை விட்டார். சீட்டுக் கட்டை அடுப்பில் போட்டார். அதுவரைக்கும் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து, குழந்தைக்குத் தெளிக்கிற தண்ணீர் செல்லாது என்று சொல்லத் தொடங்கினார். மனிதன் தானாக விசுவாசித்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தண்ணீருக்குள் போகவேண்டுமாம். அங்கே பழைய மனிதன் செத்துவிடுவான். எழும்பி வருகிறவன் புதியவன், அவனுக்குத்தான் நித்திய ஜீவன்.

“அத்தான், நீங்கள் நல்ல மனுசன்தான். ஆனால் நல்ல மனுசன் எண்டு போட்டு உள்ளை விடமாட்டினம்,” என்றார் மாமா.

“அப்ப உன்னை என்னெண்டு விட்டவை?” என்று அப்பா கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் முழுக்கு ஞானஸ்நானம் லேசான காரியமல்ல. எங்களுக்கு ஆறு என்று ஒன்று கிடையாது. சண்டை நடந்த காலம், கடற்கரைக்கும் போய்வர முடியாது. கிணற்றுக்குள் இறக்கினால் பழைய மனிதன் சாவது நிச்சயம், புதியவன் வருவதுதான் சந்தேகம். கடைசியில் ஜெபவீட்டுப் பாஸ்டர் ஒரு புகையிலைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை ஒழுங்கு செய்தார். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைக்கிற மெசின் சும்மா கிடந்தது. விடியற்காலையிலிருந்து நான்கு விசுவாசிகள் மாறி மாறிக் கிணற்றுத் துலாவில் இறைத்துத் தொட்டியை நிரப்பினார்கள். அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். வரமாட்டேன் என்று சொன்ன அப்பா, வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

மாமா ஆறடி உயரம். தொட்டி ஐந்தடி நீளம்கூட வராது. பாஸ்டர் அவரைப் பின்பக்கமாகச் சரித்தபோது தலை உள்ளே போனது, முழங்கால்கள் இரண்டும் வெளியே வந்தன. முழங்கால்களை அமத்தினார், தலை வந்தது. தான் முழங்கால் மேல் ஏறி இருக்கட்டுமா என்று ஒரு விசுவாசி கேட்டார். மூன்றாம் முறை பாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அல்லேலூயா சொல்லிவிட்டார். மாமா இருமியபடி எழும்பினார். முகம் நிறையச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு உண்மையானது, அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

“உன்ரை தம்பி மோட்சத்துக்குப் போவான்தான். முழங்கால் ரெண்டும் என்ன செய்யப்போகுதோ தெரியாது,” என்று அப்பா அன்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மாமாவை நம்பினேன். அப்போது குண்டு போடுகிற பொம்மர் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வரும். சந்தைக்கு வாழைக்குலை கொண்டுபோன பக்கத்து வளவு ஐயா திரும்பி வரவேயில்லை. அப்பாவோ நாள்தோறும் ஐந்து மைல் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவர். அம்மாவும் நானும் வீட்டோடு இருக்கிறவர்கள், நாங்கள் ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். றோட்டில் திரிகிற மனிதனுக்குத்தான் அவசரம். அவர் நெற்றியில் விழுந்த மூன்று துளியும் எப்போதோ காய்ந்துபோய்விட்டன. அவருக்கு ஏதும் நடந்தால் பிறகு ஒருநாளும், மோட்சத்தில்கூட, அவரைக் காணமுடியாது என்று நினைத்து, பின்னேரங்களில் அவருடைய சைக்கிள் வரும்வரைக்கும் வாசல் படலையில் போய் நின்றேன். ஒருநாள் வாயை விட்டே கேட்டேன்.

“அப்பா, ஒருக்கா அந்தத் தொட்டிக்குள்ளை இறங்கினால் என்ன?”

“எனக்குத் தடிமன் பிடிக்கும்,” என்றார்.

தடிமனுக்கும் தும்மலுக்கும் பயந்து நித்திய ஜீவனை வேண்டாம் என்கிறாரே என்று வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போயிருந்து அழுதேன்.

பிறகு கார்த்திகை மழை தொடங்கியது. வீட்டுக்குப் பின்னால் முருங்கையடியில் எங்கள் பங்கர் இருந்தது. பொம்மர் வந்தால் இறங்கி ஒளிவதற்கு நிலத்தில் வெட்டிய கிடங்கு. இறங்குவதற்கு மண்ணிலேயே வெட்டிய படிகள். மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தார்கள். மழை பெய்தால் அதற்குள் தண்ணீர் ஊறிவிடும். காலையில் சின்ன வாளியால் அதை அள்ளி ஊற்றுவது என் வேலை. அப்படி ஒருநாள் குனிந்து பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தொட்டியைவிட நீளம். ஆழத்துக்கும் குறைவில்லை. கர்த்தர் எங்கள் வளவுக்குள்ளேயே இடம் ஆயத்தம் செய்து வைத்திருக்க, நான் முட்டாள்போல அதை அள்ளி அள்ளி முருங்கைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாட்கள் அள்ளவில்லை. “தண்ணி அள்ளிப் போட்டியோ?” என்று அம்மா கேட்ட ஒவ்வொரு நாளும் “ஓம்” என்றேன். ஒரு நாளைக்கு ஒரு பொய். எனக்கு ஞானஸ்நானம் கிடைக்கும்போது நான்கும் சேர்ந்து கழுவப்பட்டுப் போகும் என்பது என் திட்டம். ஐந்தாம் நாள் கம்பு விட்டுப் பார்த்தேன். தண்ணீர் என் கழுத்து மட்டத்துக்கு வந்திருந்தது.

அன்று சனிக்கிழமை. அப்பா முற்றத்தில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். திட்டம் இதுதான். நான் கத்துவேன், அப்பா ஓடிவந்து பங்கருக்குள் குதிப்பார், நான் மேலே நின்று பாஸ்டர் சொன்னதைச் சொல்வேன். கிணற்றடியில் போய் நின்றுகொண்டு, “அப்பா, பொம்மர்,” என்று கத்தினேன்.

அப்பா வானத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ரியூப்பை எறிந்துவிட்டு ஓடிவந்தார். பங்கருக்கு அல்ல, கிணற்றடிக்கு, என்னிடம். இதை நான் யோசித்து வைக்கவில்லை. ஒரே பிடியில் என்னை அள்ளிக்கொண்டு பங்கரின் படியில் கால் வைத்தார். ஈரமண் வழுக்கியது. அப்பா மல்லாக்க உள்ளே போனார். என்னை அவருடைய இரண்டு கைகளும் கமக்கட்டுக்குள் பிடித்து மேலே தூக்கிவிட்டன. பனங்குற்றியில் என் தலை இடித்தது. சட்டைக் கரை மட்டும் நனைந்தது. கீழே பார்த்தால் கலங்கல் தண்ணீர், அதற்குள்ளிருந்து இரண்டு கைகள், அந்தக் கைகளில் நான்.

நான் என் கடமையை மறக்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று ஒன்றும் விடாமல் சொல்லி ஆமெனும் போட்டேன். அப்பா வரவில்லை. அவருடைய கால்கள் அடியில் சேற்றை உதைத்து உதைத்து வழுக்குவது கைகளில் தெரிந்தது. பயந்துபோய் இன்னொரு ஆமென் சொன்னேன். அப்போதுதான் தலை வந்தது, மீசை முழுக்கச் சேறு.

“எங்கையாவது பட்டதோ?” என்றார்.

“இல்லை.”

“எங்கை பொம்மர்?”

மேலே ஒன்றுமில்லை, முருங்கையில் இரண்டு காகங்கள் இருந்தன. சத்தம் கேட்டு அம்மாவும் அகப்பையோடு வந்துவிட்டார். இனி மறைக்க ஏதுமில்லை என்று, “அப்பா, இனி நீங்களும் மோட்சத்துக்கு வரலாம்,” என்றேன். அப்பா மீசையிலிருந்த சேற்றை வழித்து எறிந்தார். பிறகு படியில் குந்தி, இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். சிரித்து முடித்து எனக்கு ஓர் அறை விட்டார். பொம்மர் என்று மட்டும் விளையாட்டுக்கும் சொல்லக்கூடாது என்றார். அம்மா நான்கு பொய்க்கும் தனித்தனியாகக் குட்டினார். அன்றைக்கு எதுவும் எனக்கு நோகவில்லை.

பின்னேரம் மாமா வந்தார். வேறு யாரும் சொல்வதற்கு முன் நான் சொல்லவேண்டும் என்று படலைக்கு ஓடினேன்.

“விசுவாசிச்சே இறங்கினவர்?” என்று மாமா முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

“கேக்க நேரமிருக்கேல்லை.”

“சரி, முழுக்க உள்ளை போனவரோ?”

இந்த இடத்தில் எனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை. “கை ரெண்டும் வெளியிலை நிண்டது,” என்றேன்.

“ஏன்?”

“என்னைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டெல்லோ கிடந்தவர்.”

“தண்ணிக்குள்ளையோ? எவ்வளவு நேரம்?”

“நான் ஆமென் சொல்லி முடிஞ்சும் வரேல்லை.”

“பொம்மர் நிக்குதெண்டே நினைச்சவர்?”

“ஓம்.”

மாமா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கரியரிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தார், திரும்பவும் அங்கேயே வைத்தார். அவருடைய கண்ணில் தூசி விழுந்திருக்கவேண்டும், துடைத்துக்கொண்டார். பிழை கைகளில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “இன்னொருக்கா செய்யட்டோ மாமா, கையும் நனையிற மாதிரி?” என்று கேட்டேன்.

“வேண்டாம் பிள்ளை,” என்றார்.

உள்ளே போய் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார், சைக்கிள் ரியூப்பைப் பற்றிக் கதைத்தார். ஞானஸ்நானத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் அப்பாவிடம் பேசவில்லை. மாமா அப்பாவை நரகத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்து, இரண்டு கிழமை நான் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.