படத்தில் வரும் சீனாக்காரர்

போன வாரம் பேரன் என்னை சினிமாவுக்கு அழைத்துப் போனான். ரோலா கடைத்தெருவில் கார் நிறுத்த அவன் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் சொல்ல வந்தது போய்விடும். படத்தில் ஒரு சீனக் குடும்பம் அமெரிக்காவில் குடியேறுகிறது. தெருவெல்லாம் சிவப்புக் காகிதக் கூண்டு விளக்குகள். கிழவர்களெல்லாம் ஞானிகள். ஒருத்தரும் பாத்திரம் கழுவவில்லை. நான் சின்னப் பிள்ளையில் பார்த்த படமும் இதேதான்.

அப்போது நாங்கள் பஹ்ரைனில், குதைபியாவில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. படிப்பு ஏறாததால் பாதி நாள் மாமாவின் தையல்கடையில்தான் கிடப்பேன். மாமா அரபிகளுக்கு அங்கி தைப்பார், மீதி நேரம் சினிமா பார்ப்பார்.

பக்கத்துக் கடையில் ஒரு சீனாக்காரர் சாப்பாட்டுக்கடை போட்டார். பனியனும் லுங்கியுமாக நின்று நூடுல்ஸ் கிண்டுவார். ஈ கூட வரவில்லை. கடை ஓடாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவதாக, அவருக்கு விசா கொடுத்த அரபி முதலாளியான கபீல் சொல்லிவிட்டார். மனைவியையும் மகளையும் வரவழைக்க அவர் ரெண்டு வருஷமாகக் காத்திருந்தார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “பாய், உங்களப் பாத்தா சீனாக்காரர் மாதிரியே இல்ல. படத்துல எப்படி இருக்காங்க!”

அவர்கள் பேசியது இந்தியில். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

“அரே பாய், நான் கல்கத்தாவுல பொறந்தவன். சீனாவ நானும் படத்துலதான் பாத்திருக்கேன்.”

“அப்பச் சரி. ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச சீனா ஒண்ணுதான்.”

“கோமாளி வேஷம் போடச் சொல்றியா?”

“ஊருக்குத் திரும்பிப் போறியா?”

சீனாக்காரர் கரண்டியை வைத்துவிட்டு மாமாவின் எதிரில் வந்து நின்றார். “அளவெடு” என்றார்.

மாமா சிவப்புப் பட்டில் அங்கி தைத்தார். ஓரத்துக்கு அவரிடம் இருந்தது அரபு ஷேக்குமார் மேலே போர்த்தும் போர்வையில் வைக்கும் தங்க ஜரிகைதான். அதையே வைத்தார். நோன்பு மாதத்து விளக்குகளுக்கு நான் சிவப்புக் காகிதம் ஒட்டினேன். கறுப்பு நூலில் நீள மீசை செய்து கோந்தால் ஒட்டினோம். முதல் நாள் ஒரு அரபி, அங்கிக்குள் இருப்பது யாரோ பெரிய மனுஷர் என்று நினைத்து எழுந்து நின்று சலாம் சொன்னார்!

கூட்டம் வந்தது. சீனாக்காரர் வாசலில் குனிந்து வணங்குவார், அடுக்களைக்கு ஓடிக் கிண்டுவார், வேர்த்து நழுவும் மீசையை இன்னும் கோந்து தடவி அழுத்திக்கொண்டு மறுபடி வந்து குனிவார். ஒரு நாள்கூட விடவில்லை. கபீலே வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, குடும்பத்தை அழைத்துக்கொள்ளச் சொன்னார்.

அவர்கள் வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரம். மகளுக்கு என் வயதிருக்கும். சீனாக்காரர் கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, “பாபா எங்கே?” என்று கேட்டாள்.

அவர் மீசையைப் பிய்த்தார். கோந்தோடு தோலும் வந்து உதட்டுமேல் ரத்தம் துளிர்த்தது. அவள் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு தாவி ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அதற்குள் வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். சீனாக்காரர் மகளை இறக்கவில்லை. ஒரு கையில் அவளை அணைத்தபடி, மறு கையால் அந்தப் புண்மேலேயே மீசையை ஒட்டி, அவர்களுக்குக் குனிந்தார்.

திரும்ப ஒட்டத்தானே போகிறார், எதற்காக அவ்வளவு வலிக்கப் பிய்த்தார் என்று எனக்கு விளங்கவே இல்லை.