ஊசிக்கு அழாதவள்

என் மகள் பிறந்து மூன்று மாதம் வரை, அவளைப் போல நல்ல குழந்தை புதுப்பட்டினத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாலுக்குக்கூட அழமாட்டாள். நான்தான் எழுப்பிக் கொடுக்க வேண்டும். பாதி குடிக்கும்போதே தூங்கிவிடுவாள். எழுபதுகளின் கடைசி அது. கணவர் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவர்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிடும்போதெல்லாம் எனக்குள் ஒரு கர்வம்.

மீன் விற்க வரும் அக்கா கூடையை இறக்கிவிட்டுத் தொட்டிலை எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாமா, உன் வூட்ல கீறது கொழந்தையா, மாபலிபுரத்துக் கல்லு பொம்மையா? சத்தமே காணோம்!"

"அவ சமத்துக்கா. என்னை மாதிரி."

"உன்ன மாதிரியா? நீ ஒரு கூறு சங்கரா மீனுக்கு ஊரையே கூட்டுறியே!"

இருவரும் சிரிப்போம். குழந்தை தூங்கும்.

முத்தடுப்பு ஊசிக்காகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி இறங்கியதும் முகத்தைச் சுளித்தாள். கரகரப்பாக ஒரு முனகல். பிறகு தூக்கம். டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாம் டாக்டர். தொந்தரவே கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. தடித்த நாக்கையும் துருத்திய தொப்புளையும் சில்லிட்ட பாதங்களையும் தொட்டுப் பார்த்தார். எல்லாம் நான் தினமும் குளிப்பாட்டும்போது பார்த்தவைதான்.

ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை; அவள் அழாமல் தூங்கிக்கொண்டே இருந்ததும் அதனால்தான்.

"மூளை வளர அந்த ஹார்மோன் வேணும்மா. இதுவரைக்கும் நடந்தது எவ்வளவு சரியாகும்னு இப்ப சொல்ல முடியாது. மாத்திரையை விடாம குடுங்க. அப்பப்ப ரத்தம் பார்த்துத்தான் அளவைக் கூட்டிக் குறைக்கணும். அதிகமானாலும் ஆபத்து."

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். இதே சுரப்பியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, நல்ல மதிப்பெண் வாங்கியவள்.

காலையில் மாத்திரையை நுணுக்கிப் பாலில் கரைத்துச் சங்கில் புகட்டுவேன். சங்கின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் கழுவி அதையும் ஊட்டுவேன். ஒருநாள் கக்கிவிட்டாள். மறுபடி கொடுக்கலாமா? குறைந்தால் மூளைக்குக் கேடு, கூடினால் இதயத்துக்கு. அன்று கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டுமோ என்று நாள் முழுக்கத் தவித்தேன்.

"டாக்டர் சொன்னபடிதானே செய்யறே? அப்புறம் என்ன?" என்றார் கணவர்.

சங்கை எடுத்து மறுபடி கழுவினேன். குழந்தையின் மௌனத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டது நான் அல்லவா?

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அவள் கால்களை நான் பிடித்துக்கொள்ள, நர்ஸ் தொடை மடிப்பில் நரம்பைத் தேடினார். ஊசி இறங்கியது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு முகமெல்லாம் சிவந்து, என் கையை உதறிக் காலை உதைத்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அலறினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெட்டியா புட்சிக்கமா! கொழந்த இந்தக் கத்து கத்துது, நீ இன்னாடான்னா சிரிச்சிகினு கீற?" என்று நர்ஸ் அதட்டினார்.

சிரித்தது எனக்கே தெரியாது. வெட்கமாகிப் போயிற்று. மெட்ராசிலிருந்து முடிவு வர நாளாகும்; ஹார்மோன் அளவு ஏறியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அந்த அழுகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று எனக்குத் தெரியாதா?

திரும்பும் பஸ்சில் மறுபடி அழ ஆரம்பித்தாள். பின்சீட்டு அம்மாள், "பசிக்குது போல, பாலக் குடேம்மா" என்றார். பசிதான். எனக்கும் தெரிந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் முந்தானையால் மூடி அவளை மார்போடு அணைத்தேன்.