பெயருக்குப் பின்னிருந்த கமா

திருத்தணி மலையடிவாரத்து டிடிபி கடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார். மூத்த மகனின் பழைய கல்யாணப் பத்திரிகையை இளையவனுக்காகத் திருத்த வந்திருந்தார். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன மகளின் பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட வேண்டுமாம்.

கடைப்பெண் பெயரைத் தேடி மொத்தமாக நீக்கினாள்.

"பேரு போயிடுச்சுங்க. கமாதான் ரெண்டு ரெண்டா நின்னுகினு கீது."

"அதையும் தூக்கிடும்மா. அப்படி ஒருத்தி இருந்தான்னே தெரியக்கூடாது."

இரட்டைக் கமாக்களையும் தேடி ஒற்றையாக்கினாள். அவர் திரையில் விரலை ஓட்டி வரிவரியாகச் சரிபார்த்தார்.

"ஆங், இப்போ சரி. அச்சடிச்சதும் மொத பத்திரிகை அவளுக்குத்தான் அனுப்பணும்."

படித்து வலிக்கட்டும் என்றா, ஒருவேளை வருவாள் என்றா?